‘தெரியவில்லை’ என்றொரு சமாதானம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலை ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் நீளமுடையது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊருக்குச் செல்லும் வழியாதலால் நம் நேயர்களில் பலர் அதில் பயணம் செய்திருப்பர். பகலில் சென்றோர் இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசலையும், பருவத்திற்கேற்ப அதில் நிற்கும் பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் கண்டிருப்பர். மஃக்ரிபுக்குப் பின் சென்றோர் அதிகம் எதையும் கண்டிருக்கமாட்டார்கள். வெளிர் நிலத்தில் அந்தி சாய்ந்த பிறகும் சற்று நேரம் ஒரு மங்கல் வெளிச்சம் தங்கும். கரிசலோ ஒளியை விழுங்கிவிடும். மண்ணும் கறுப்பு, தாரும் கறுப்பு, சாலையோரம் நெருங்கி வளர்ந்திருக்கும் வேலிக்கருவையும் கறுப்பு.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷாவுக்குச் சற்று முன்னதாக இந்தப் பக்கத்துச் சாலை ஒன்றில், தீப்பெட்டி ஆபீஸின் இரவுக் காவலுக்கு மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்த நமது மஹல்லாவாசி ஒருவரை ஒரு லோடு வேன் பின்னாலிருந்து மோதிவிட்டது. (தொழிற்சாலை என்பது ஏட்டுச் சொல், இப்பகுதியில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றால்தான் தெரியும்.) வலக்கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. வேன் ஓட்டி வந்தவரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே. அவர் ஓடி ஒளியவில்லை. அடிபட்டவரைத் தாமே தூக்கித் தம் வண்டியில் கிடத்தி மருத்துவமனை சேர்த்தார். இரவெல்லாம் அங்கேயே இருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பத்து நாள் கழித்துப் பள்ளிவாசல் திண்ணையில் பேச்சுவார்த்தை நடந்தது. இரு தரப்பும் நம்மவர். காவல் நிலையம், வழக்கு என்று போக வேண்டாம் என்பது அனைவரின் கருத்து. மருத்துவச் செலவையும் மூன்று மாதக் கூலியையும் கூட்டி ஒரு தொகை வந்தது. அப்போது ஒருவர் சொன்னார்: “அவரு போட்டிருந்தது கருநீலச் சட்டை. சைக்கிள்ல லைட்டும் கிடையாது. வண்டிக்காரர் மேல மட்டும் எப்படிப் பழி போடுறது?” கூடியிருந்தோர் ஆமென்றனர். தொகை பாதியாயிற்று. ஆலிம் என்ற முறையில் நம்மையும் அங்கே அமர்த்தியிருந்தார்கள். நாமும் தலையசைத்தோம்.

பின்னர் நோயாளியைப் பார்க்கப் போயிருந்தோம். தொகை பற்றி அவர் குறை சொல்லவில்லை. கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்: “அசரத்து, எஞ் சட்டை கறுப்பு, அதனால தெரியலங்கிறாங்க. ரோடும் கறுப்புதானே? அது மட்டும் அவருக்கு எப்படித் தெரிஞ்சது?”

வெகுளியான கேள்விதான். ஆனால் அன்று முதல் அது நம்மை விடவில்லை. மிதிவண்டியில் செல்வோர் பளிச்சென்று தெரியும் உடை அணிய வேண்டுமா என்று கேட்டால், அணிவது நல்லது என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். அணியாதவன் அடிபட்டால் அது யார் குற்றம் என்று கேட்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலையே இரண்டாவதற்கும் பதிலாக வைத்துவிட்டோம். திண்ணையில் நாம் செய்த பிழை அதுவே.

நம் சிறு பிராயத்தில் இவ்விஷயம் வேறு விதமாக இருந்தது. இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் கடைவீதியில் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். டைனமோ வாங்க வசதியற்ற நம் தந்தையார் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு கையில் அதையும் மறு கையில் ஹேண்டில் பாரையும் பிடித்துக்கொண்டு வருவார். பின் மட்கார்டின் அடியில் வெள்ளை வண்ணம் பூசியிருக்கும். அன்று சாலையில் சைக்கிளுக்குப் பயப்பட வேண்டியவர்கள் நடப்போரும் கோழிகளுமே. விளக்கு, எதிரே வருபவனுக்குச் சைக்கிள்காரன் செய்யும் மரியாதை. தன்னிடமிருந்து பிறரைக் காப்பதற்காக அவன் விளக்கேந்தினான். இன்று பிறரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அவனையே ஒளிரச் சொல்கிறோம். கடமையின் பெயர் மாறவில்லை, திசை மாறிவிட்டது. ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று நாம் அறிந்திருந்த சாலை 2010-ஆம் ஆண்டு மறு எண்ணிடலுக்குப் பின் நாற்பத்து நான்காகி, நான்கு தடங்களாக அகன்று ஊரைத் தொட்டுச் செல்கிறது. அங்கே பழகிய வேகத்தோடுதான் வண்டிகள் கிளைச் சாலைகளிலும் இறங்குகின்றன. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் மிதிவண்டியில் சென்றோர் மட்டும் நான்காயிரத்துக்கும் மேல்.

நோயாளியின் கேள்விக்கு விடை தேடியபோது முதலில் கண்ணைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் சிறிது படிக்க வேண்டியதாயிற்று. அதில் அறிந்தவை நேயர்களின் வீட்டுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறோம்.

சாலைப் பணியாளர் அணியும் கண்ணைக் கூசும் மஞ்சளும் ஆரஞ்சும் ஒளிர் நிறங்கள் எனப்படும். வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிர்களை உறிஞ்சி, புலனாகும் நிறமாக மாற்றி அவை வெளியிடுகின்றன. அதனால்தான் பகலிலும் அந்தியிலும் அவ்வளவு பளிச்சிடுகின்றன. இரவில் வாகன விளக்கில் அக்கதிர்கள் மிகக் குறைவு. ஆகவே நள்ளிரவில் அந்த மஞ்சள், சாதாரண வெளிர் துணியைவிடப் பெரிதாக உதவாது. இரவுக்கு வேண்டியது வேறொன்று: தன் மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்த அப்பட்டை, வெளிச்சம் பட்டதும் ஓட்டுநரின் கண்ணுக்கே நெருப்புத் துண்டுபோல் தெரியும். நெடுஞ்சாலையில் பூனைக் கண்போல் மின்னும் பதிகற்களும் அந்த இனமே. அவற்றுக்கு 1934-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா உரிமம் பெற்றார். இப்பட்டையை மார்பில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் சிறப்பு. மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதும் ‘அது மனிதன்’ என்று கண் வெகு தொலைவிலேயே புரிந்துகொள்கிறது.

இனி அந்த இரவின் கணக்கைப் பார்ப்போம். தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுத்த உடை அணிந்தவர் ஏறத்தாழ முப்பது மீட்டருக்குள் வந்த பிறகே தெரிவார் என்பது பொதுவான மதிப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு நொடி ஆகும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில் இன்னுமொரு முப்பது நாற்பது மீட்டர் வேண்டும். ஆக ஐம்பது மீட்டருக்குக் குறையாது. கண்ணுக்கு எட்டியதோ முப்பது. அதே வண்டி நாற்பது கிலோமீட்டரில் வந்திருந்தால் இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் நின்றிருக்கும். கருநீலச் சட்டையே ஆனாலும்.

‘தெரியவில்லை’ என்று வேன்காரர் சொன்னது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. தெரிவதற்கு முன்பே அவ்விடத்தைக் கடந்துவிடும் வேகத்தில் வந்தேன் என்பது மீதிப் பாதி. சாலை அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கும் இதுவே விடை. சாலை அவருக்குத் தெரியவில்லை. நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கும் என்று நம்பினார், அவ்வளவே. நாமெல்லாரும் அப்படித்தான் இருட்டில் வண்டி ஓட்டுகிறோம்.

மதரசாவில் ஓதிய காலத்தில் ‘ஹிதாயா’வின் ஒரு பகுதியை நாம் அலுப்போடு கடந்து சென்றதுண்டு. ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானி அவர்கள், திய்யத்துச் சட்டங்களினூடே சவாரி விலங்குகளால் நேரும் சேதத்தை விரித்துரைக்கும் இடம் அது. முன்காலால் மிதித்தால் என்ன, பின்காலால் உதைத்தால் என்ன, வாலால் அடித்தால் என்ன என்றெல்லாம் நீளும். குதிரையே காணாத கரிசல் சீமைப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று அன்று நமக்குள் சிரித்துக்கொண்டோம். முப்பது வருடங்களுக்குப் பின் அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்தபோது சிரிப்பு வரவில்லை.

அங்கே இமாம் அவர்கள் நிறுவும் அடிப்படை இதுதான். பொதுவழியில் செல்வது ஒவ்வொருவருக்கும் உரிமை. ஆனால் அவ்வழி செல்பவனுக்கு மட்டும் சொந்தமன்று, எல்லார்க்கும் பொது. எனவே அவன் ஒரு வகையில் தன் உரிமையையும் மற்றொரு வகையில் பிறர் உரிமையையும் கையாள்கிறான். ஆகையால் பிறருக்குத் தீங்கு நேராமை என்ற நிபந்தனையோடுதான் அந்த அனுமதி. அந்த நிபந்தனையும், தவிர்க்க இயன்ற தீங்குகளில் மட்டுமே அவனைக் கட்டுப்படுத்தும். விலங்கு மிதித்தால் ஏறிச் செல்பவன் பொறுப்பு. எங்கே கால் வைக்கிறது என்பதை அவன் பார்த்து நடத்தலாம். ஓடும்போது பின்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ பொறுப்பில்லை. சவாரி செய்துகொண்டே அதைத் தடுக்க இயலாது. இன்னும் நுட்பமான ஓர் உதாரணம் வருகிறது. குளம்பு பட்டுப் புழுதியோ பொடிக்கல்லோ தெறித்து ஒருவர் கண் போனால் பொறுப்பில்லை. பெரிய கல் தெறித்தால் பொறுப்பு உண்டு. ஏனெனில் பொடிக்கல் எந்த நடையிலும் தெறிக்கும். பெரிய கல் தெறிப்பது ஓட்டுபவனின் முரட்டுத்தனத்தால்.

இந்த அளவுகோலை அந்த இரவின் மேல் வைத்துப் பார்த்தோம். கறுப்புச் சட்டையைக் காண முடியாமை தவிர்க்க இயலாததா? எண்பதில் இயலாது, நாற்பதில் இயலும். எண்பதைத் தேர்ந்தவர் யார்? விளக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் விரைபவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறான். கட்டிக்கொண்ட கண்ணைக் காட்டி, இயலாமை என்று வாதிடலாகாது.

நேரடியாகச் செய்தவனையும் காரணமாக மட்டும் அமைந்தவனையும் ஃபிக்ஹு நூல்கள் வேறு பிரித்தே பேசுகின்றன. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ அதைச் சுருக்கமான விதிகளாகவே ஆக்கி வைத்தது. நேரடியாகச் சேதம் செய்தவன் எண்ணிச் செய்யாவிடினும் பொறுப்பாளி. காரணமாக அமைந்தவனோ வரம்பு மீறியிருந்தால்தான் பொறுப்பாளி என்பது அதன் சாரம். கருநீலச் சட்டை அணிவது யாருடைய உரிமையை மீறுகிறது? விளக்கில்லாமை குறையே, அதை மறுக்கவில்லை. ஆயினும் அக்குறை மோதவில்லை. மோதியது வண்டி.

நாம் ஃபத்வா சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சாலை விபத்து நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின்பாற்பட்டது. ஆனால் வியப்பு என்னவெனில் நாட்டின் நீதியும் இவ்விடத்தில் தொலைவில் நிற்கவில்லை. ஒரே இருசக்கர வண்டியில் மூவர் சென்றபோது பின்னாலிருந்து கார் மோதி ஒருவர் இறந்த வழக்கு ஒன்றில், மூவர் சென்றது விதிமீறல் என்று கூறி இழப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்திருந்தார்கள். 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அக்குறைப்பை நீக்கியது. விதியை மீறினான் என்பது மட்டும் போதாது. அந்த மீறலே விபத்துக்கோ பாதிப்பின் கடுமைக்கோ காரணமாயிற்று என்று நிலைநாட்ட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. எங்கள் திண்ணையில் யாரும் எதையும் நிலைநாட்டவில்லை. சட்டையின் நிறத்தைச் சொன்னார்கள், கூட்டத்தில் பாதியைக் கழித்தோம். வேன் வந்த வேகத்தை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இவ்வளவும் படித்தவர் ‘அப்படியானால் எந்த உடையும் உடுத்தலாம், எப்படியும் போகலாம்’ என்று எண்ணிவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்ததே. உயிர் அமானிதம், மனைவி மக்களுக்கும் அதில் பங்குண்டு. தன்னைக் காப்பது தன் மேல் உள்ள கடன். பிறரைக் காப்பது பிறர்க்குத் தரவேண்டிய கடன். முன்னதில் தவறியவன் பின்னவனின் கடனைத் தள்ளுபடி செய்துவிடவில்லை என்பதே நம் வாதம். இங்கு ஒரு தடை எழும்: சைக்கிள்காரனைத் தவிர்க்கப் போய் எதிரே வருபவன் மோதிச் சாகக்கூடுமே, அப்போது அவன் இருட்டாய்ச் சென்றது பிறர்க்கும் தீங்கல்லவா? உண்மைதான். அதனால் விளக்கையும் பட்டையையும் வெறும் சுயநலம் என்று நாம் ஒதுக்கவில்லை. மெழுகுவர்த்தி ஏந்திய நம் தந்தையாரின் மரியாதை இன்றும் செல்லும்.

உடை பயன் தருமா என்பதில் ஐயமில்லை என்றே தோன்றுகிறது. டென்மார்க் நாட்டில் 6,793 பேரைத் தேர்ந்து, பாதிப் பேருக்கு மட்டும் மஞ்சள் மேற்சட்டை தந்து ஓராண்டு கவனித்தார்கள். 2018-இல் வெளியான அவ்வாய்வின்படி, பிறர் மோதிக் காயமடைந்த நிகழ்ச்சிகள் சட்டை பெற்றோரிடையே 47 விழுக்காடு குறைவு. அவர்களே சொன்ன கணக்காதலால் சற்றுக் கழித்துப் பார்த்தாலும் 38 விழுக்காடு. ஃபிரான்ஸ் 2008-இலும் இத்தாலி 2010-இலும், இரவில் ஊருக்கு வெளியே சைக்கிளில் செல்வோர் இத்தகைய உடை அணிவதைச் சட்டமாக்கின. பிரிட்டன் அறிவுரையோடு நிறுத்திக்கொண்டது. அதே பிரிட்டனில் 2013-இல் இன்னொன்று கண்டார்கள். ஏழு விதமான உடைகளை மாற்றி மாற்றி அணிந்து ஓட்டியபோது, கடந்து செல்லும் வாகனங்கள் விட்ட இடைவெளி பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தது. போலீஸ் என்ற சொல்லும் படம் பிடிக்கப்படுவதாக அறிவிப்பும் இருந்த உடைக்கு மட்டும் கூடுதலாக இடம் விட்டார்கள். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, மனத்துக்குத் தெரிவது வேறு போலும். சட்டை முன்னதைத் தான் தரும்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய செய்தியும் ஒன்று உண்டு. நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வெளியே செல்வர். அந்தியில் தூரத்திலிருந்தே தெரியும். இன்று கறுப்புப் புர்கா பரவலாகிவிட்டது. உடையின் மார்க்கத் தன்மை நிறத்தில் இல்லை என்பதால், தராவீஹ் முடிந்து சாலையோரமாக நடந்து வரும் பெண்களின் கைப்பையிலோ முந்தானை ஓரத்திலோ ஒரு விரற்கடைப் பட்டை ஒட்டுவதற்கு ஆட்சேபணை இருக்க இயலாது. வெள்ளை ஜுப்பா அணிந்து திரியும் நமக்கு இந்த எண்ணம் இத்தனை வருடம் வராதது வெட்கம். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டறையிலும் உழைப்பவன் வெள்ளை உடுத்த முடியாது. மருந்துக் கறையும் கரியும் தெரியாதிருக்கத்தான் அவன் கருநீலத்தைத் தேர்கிறான். அவன் சட்டையின் நிறத்தை அவன் தொழில் தேர்ந்தது என்றே சொல்லலாம். அப்படியெனில் இரவில் ஆளை வரவழைக்கும் முதலாளி, நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் பட்டை வைத்த மேலாடை ஒன்றைக் கூலியோடு சேர்த்துத் தருவது தர்மமன்று, பொறுப்பு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச மிதிவண்டிக்கும் இது பொருந்தும். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து அவ்வண்டிகள் இருட்டில்தான் கிராமம் திரும்புகின்றன.

சென்ற வாரம் வேன்காரரைப் போய்ப் பார்த்தோம். திண்ணையில் சொன்ன தீர்ப்பு தவறு, அதில் நம் பங்கும் உண்டு என்றோம். அவர் கோபப்படவில்லை. “அசரத்து, அன்னிக்கு நீங்களும் தலையாட்டினீங்களே” என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. மீதியைத் தரத் தம்மிடம் பணமில்லை என்றும் சொன்னார். அது உண்மை என்று நமக்குத் தெரியும். ஆனால் வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. வழக்கு வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் நாங்கள் மூடிய கதவுக்குப் பின்னால்தான் அந்தப் பணம் இருந்தது. தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. காவல் நிலையத்தில் அன்று புகார் கொடுக்காததால் இப்போது தாமதத்துக்குக் காரணமும் சேர்த்து எழுத வேண்டும் என்றார் வழக்கறிஞர்.

அடிபட்டவருக்கு எழுத்து வராது. அவர் சொல்லச் சொல்ல நாமே புகாரை எழுதினோம். நேரம், இடம், வண்டி வந்த திசை, எல்லாம் எழுதியாயிற்று. சட்டையின் நிறத்தைச் சேர்க்க வேண்டாமே என்று அருகிலிருந்த அவர் மகன் சொன்னான். அவர் தலையை அசைத்து மறுத்தார். கருநீலம் என்றே எழுதினோம். விளக்கில்லை என்றும் எழுதினோம். பிறகு, வேன் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று விசாரிக்கும்படி ஒரு வரி சேர்த்து, அவரிடம் கைநாட்டு வாங்கினோம்.